நின்ற இடத்தில் நிற்கும் வாழைக்கு நோய் எப்படித் தொற்றுகிறது?

கோமாரி மாட்டுக்கு மாடு எச்சிலிலும் தீவனத்தொட்டியிலும் பரவுவது புரிகிறது, நடக்காத வாழைக்கு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முடிக்கொத்து என்ற வைரஸ் நோயையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வாகனங்கள்: ஒன்று சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி, மற்றொன்று நாம்.

நோயுற்ற மரத்தின் சாற்றைச் சில மணி நேரம் உறிஞ்சிய அசுவினியின் உடலுக்குள் வைரஸ் புகுந்துவிடும். பிறகு பல நாட்கள், அது போய் உட்காரும் மரத்திலெல்லாம் இறக்கிவைக்கும். இலைக்காம்பின் அடியில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதா பாருங்கள். அடுத்தடுத்த இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பெரும்பாலும் குலை தள்ளாது. அரிவாளைச் சந்தேகப்பட வேண்டாம், அதன் வழியே இது தொற்றுவதில்லை.

கடல் தாண்டியது மட்டும் நம் கைங்கரியம். 1889-இல் பிஜியில் பதிவான நோய், 1913-இல் இலங்கையிலும் 1940 வாக்கில் கேரளத்திலும் தலைகாட்டியது. நோயுள்ள பக்கக்கன்றுகளைச் சுமந்து சென்றது யார்? பழனி மலையின் விருப்பாட்சி வாழையைச் சீரழித்ததும் இதுவே.

நோயுற்ற மரத்தைப் பிடுங்கும் முன் அசுவினிக்கு மருந்து அடித்துவிடுங்கள். இல்லையென்றால், சாய்ந்த மரத்தை விட்டு அவை பக்கத்து மரத்தில் ஏறிவிடும்.