நாதி

அன்புள்ள ஐயா,

குவைத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். என் அறையில் இருப்பவர் எகிப்துக்காரர், கெய்ரோவின் அல் அஹ்லி கிளப்பின் கால்பந்து ரசிகர். 2023இல் அந்தக் கிளப் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீகை வென்றபோது தளம் முழுக்க இனிப்புக் கொடுத்தார். கூடைப்பந்தின் விதிகள்கூட அவருக்குத் தெரியாது. பிப்ரவரி 1 வந்தால் யாரிடமும் பேசமாட்டார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்தானே, ஒரு கம்பெனிதானே? அதற்காக இப்படி உருக வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

கம்பெனி என்ற சொல்லைத்தான் முதலில் விலக்க வேண்டும். விளம்பரப் பணமும் பெரிய சம்பளமும் அங்கும் உண்டு. ஆனால் அல் அஹ்லிக்கு முதலாளி கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2017இல் அப்படித் தேர்வான மஹ்மூத் அல் கதீப், அதே சிவப்பு ஜெர்சியில் ஆடி 1983இல் ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் விருது வாங்கியவர்.

அந்தக் கிளப் கால்பந்துக்காகத் தொடங்கப்பட்டதும் அல்ல. 1907, கெய்ரோ. நாடு பிரிட்டிஷ்காரர்களின் பிடியில். அவர்களுக்கு நைல் நதித் தீவான ஜஸீராவில் பெரிய கிளப் இருந்தது. எகிப்திய மாணவர்கள் கூடிப் பேச, விளையாட ஓர் இடம் வேண்டுமென்று நினைத்தவர் உமர் லுத்ஃபி என்ற வழக்கறிஞர். காரியம் நடக்க வேண்டுமே என்று முதல் தலைவராக ஓர் ஆங்கிலேயரையே உட்கார வைத்தார்கள். பெயரில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அஹ்லி என்றால் நாட்டு மக்களுடையது. கிளப்புக்கு அரபியில் நாதி என்று பெயர், கூடுமிடம் என்று பொருள். நம்முடைய ‘நாதி’க்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் ‘நாதியற்றவன்’ என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டுதான் நான் அந்தச் சொல்லைப் படிக்கிறேன். கைப்பந்து, கூடைப்பந்து, நீச்சல் என்று எல்லாமே ஒரே நாதியின் பிள்ளைகள். எந்தப் பிள்ளை ஜெயித்தால் என்ன, இனிப்பு வீட்டுக்குத்தானே!

ஆனால் உங்கள் நண்பருக்கு அங்கே ஓட்டு இருக்காது என்று நினைக்கிறேன். உறுப்பினர் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. அவர்களுடைய இடம் கெய்ரோ மைதானத்தின் ‘தால்தா ஷிமால்’. மூன்றாம் வகுப்பு, இடப்பக்கம். மலிவு டிக்கெட். எதிர்ப்பக்கம், ‘தால்தா யமீன்’, பரம எதிரியான ஸமாலேக் ரசிகர்களுக்கு. கணக்கேட்டில் பெயரில்லாத இந்த இடப்பக்கத்துக்காரர்கள்தான் ‘நாட்டு மக்களுடையது’ என்ற பெயருக்கு அர்த்தம் கொடுக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பிப்ரவரி 1க்கு வருகிறேன். 2012இல் அந்த நாளில் போர்ட் சையத் நகரில் அஹ்லிக்குக் கால்பந்து ஆட்டம். உள்ளூர் அணியான அல் மஸ்ரி 3-1 என்று ஜெயித்துவிட்டது. தோற்ற ஊர்க்காரர்கள் கொதித்து எழுந்த கதை அல்ல இது. ஜெயித்த பக்கத்திலிருந்து ஆட்கள் கத்தியும் தடியுமாக மைதானத்தைக் கடந்து அஹ்லி ரசிகர்களின் காலரிக்குள் பாய்ந்தார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. அந்தக் குறுகிய வழியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நசுங்கினார்கள். அஹ்லி ரசிகர்கள் 72 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். ஓராண்டுக்கு முன், முபாரக் ஆட்சிக்கு எதிரான எழுச்சியில், கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் போலீசை எதிர்த்து நின்றவர்கள் இந்த ரசிகர் கூட்டத்தில் பலர். அதற்கான பழிவாங்கல் இது என்று அவர்கள் இன்றும் நம்புகிறார்கள்.

ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையே ஆஸ்பத்திரி ஆனது. அங்கே அஹ்லியின் வீரர் முகமது அபூ திரிக்காவின் கைகளிலேயே ஒரு ரசிகர் உயிர்விட்டார். இனி ஆடமாட்டேன் என்றார் அபூ திரிக்கா. பிறகு திரும்பி வந்தார். உள்ளூர் லீக் நின்றுபோயிருந்த அந்த ஆண்டின் நவம்பரில், துனீசியாவின் ராதஸ் மைதானத்தில் எஸ்பெரான்ஸ் அணியை 2-1 என்று வென்று ஆப்பிரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பையைக் கெய்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆட்டத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை, கே.

நண்பர் பேசும் மனநிலையில் இருக்கும் ஒருநாள், தால்தா ஷிமாலில் எந்த வருடம் முதன்முதலாக நின்றார் என்று கேளுங்கள். யார் கூட்டிப்போனார்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்.