25 மில்லிமீற்றர் காபட் போடலாமா? உள்ளக வீதிக்கு ஏற்ற தார்க் கலவை

கேள்வி: வட்டக்கச்சிப் பக்கம் எங்கள் உள்ளக வீதி 1.2 கிலோமீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இப்போது கிரவல். 25 மில்லிமீற்றர் தடிப்பில் காபட் போட்டால் ஒதுக்கிய காசுக்குள் முழு வீதியும் முடியும் என்கிறார் ஒப்பந்தகாரர். தாரும் சல்லியும் போதும் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் இடைக்கிடை மணல் டிப்பரும் ஓடும். மாரியில் இரண்டு இடத்தில் வெள்ளம் வீதிக்குக் குறுக்கே பாயும். எதைக் கேட்பது? வேலை நடக்கும்போது எதைக் கவனிப்பது? (கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்)

பதில்: 25 மில்லிமீற்றர் காபட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம். கிரவலுக்கு மேல் நேரே விரிக்கும் மெல்லிய காபட்டைப் போல காசைக் கரைக்கும் வேலை வேறில்லை. அதற்குப் பதிலாக அடித்தளத்தைத் திருத்தி, அதன்மேல் இரட்டைத் தார்ச்சல்லிப் படை போடக் கேளுங்கள்.

காபட் என்று நாம் சொல்வது சுடுகலவை. 20 மில்லிமீற்றர் கல்லில் தொடங்கி கல்தூள் வரை அளவாகச் சேர்த்து, எடையில் ஏறக்குறைய 5 வீதம் தாரோடு ஆலையில் 150 முதல் 165 பாகை செல்சியஸ் சூட்டில் கலப்பார்கள். இங்கே வழக்கத்தில் இருப்பது 60/70 தரத் தார். இந்தக் கலவையைத் தன் மிகப் பெரிய கல்லைப் போல இரண்டரை மடங்கு தடிப்பிலாவது விரித்தால்தான் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். 20 மில்லிமீற்றர் கல்லை 25 மில்லிமீற்றருக்குள் அடக்கப் போனால் ரோலர் கல்லை நொறுக்கும், அல்லது விரிக்கும்போதே கல் இழுபட்டு மேற்பரப்பில் கீறல் விழும். மெல்லிய படை மிக விரைவில் ஆறியும் விடும். 85 பாகைக்குக் கீழே போன கலவை எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. இறுகாத காபட்டுக்குள் காற்றிடைவெளி 8 வீதத்தைத் தாண்டினால் மழைநீர் அதற்குள்ளால் இறங்கிக் கிரவலை ஊறவைக்கும். அதன்மேல் டிப்பர் ஏறினால் காபட் வளைந்து வெடிக்கும். முதல் மாரியிலேயே குழி விழுவது இப்படித்தான்.

அதனால் முதற்செலவு அடியில் இருக்கட்டும். கிரவலைச் சமப்படுத்தி இறுக்கி, அதன்மேல் 150 மில்லிமீற்றர் ஏபிசி போட வேண்டும். 37.5 மில்லிமீற்றர் கல் முதல் தூள் வரை கலந்த இந்தக் கருங்கல் கலவையை ஈரப்பதம் பார்த்து இறுக்குவார்கள். திருத்திய புறொக்டர் அடர்த்தியில், அதாவது ஆய்வுகூடத்தில் இறுக்கிப் பெறும் உச்ச அடர்த்தியில், 98 வீதம் வரவேண்டும். அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1 லீற்றர் பிறைம் கோட், அதாவது தளத்துக்குள் ஊறும்படி தெளிக்கும் இளகிய தார். சோளகக் காற்றில் புழுதி படிந்த தளத்தில் அது ஊறாமல் தோலாக நிற்கும். அடிக்கும் நாளிலேயே நன்றாகக் கூட்ட வேண்டும்.

இரட்டைத் தார்ச்சல்லி என்பது இமல்சன் (நீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்) தெளித்து 19 மில்லிமீற்றர் சல்லி பரப்பி உருட்டி, மறுபடி தெளித்து அதில் பாதிப் பருமனுள்ள சல்லி பரப்பி உருட்டுவது. முதற் சல்லி சதுர மீற்றருக்கு 20 முதல் 25 கிலோ, இரண்டாவது 10 கிலோ அளவில். இரண்டு தெளிப்பும் சேர்ந்து 3 லீற்றருக்குக் குறையாமல் போகும். உங்கள் 3,600 சதுர மீற்றருக்கு 11,000 லீற்றர் அளவில் இமல்சன் வரவேண்டும். வந்து இறங்குவதை எண்ணி எழுதுங்கள். தெளித்தவுடன் இமல்சன் மண்ணிறமாக இருக்கும், நீர் பிரியப் பிரியக் கறுக்கும். கறுக்கத் தொடங்கும் முன் சல்லி விழுந்துவிட வேண்டும். இந்த வேலை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சல்லியில் ஒட்டிய தூள்தான். ஒரு பிடி சல்லியைக் கையில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கை வெளுத்தால் கழுவித் தரச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் வாகனங்கள் மெதுவாக ஓடட்டும், பிறகு உதிரிச் சல்லியைக் கூட்டி அகற்றுங்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. பாரத்தோடு டிப்பர் முறுக்கித் திரும்பும் இடத்தில் சல்லி கழன்றுவிடும். ஆகவே பிரதான வீதியில் ஏறும் சந்தியிலும் கூர்வளைவிலும் மட்டும், ஏபிசிக்கு மேல் 50 மில்லிமீற்றர் காபட் கேளுங்கள். மணல் டிப்பர் நாள்தோறும் ஓடும் நிலை வந்தால் முழு வீதிக்கும் அதுவே வேண்டும். நுண்துளைக் கலவை, நார் சேர்த்த கலவை எல்லாம் அதிவேக வீதிகளுக்கு உரியவை; உங்களுக்குத் தேவையில்லை. பைகளில் வரும் குளிர்கலவை குழி அடைக்க மட்டும்.

வெள்ளம் குறுக்கே பாயும் இரண்டு இடத்திலும் எந்தத் தாரும் நிலைக்காது. நீர் கல்லிலிருந்து தாரை உரித்துவிடும், ஓரத்தையும் அரித்துவிடும். அங்கே மதகு வையுங்கள், அல்லது இருபக்கமும் அடிச்சுவர் இறக்கிய கொங்கிறீற் தாம்போதி. மன்னாரில் முருங்கன் பக்கம் போல மாரியில் வீங்கி கோடையில் பிளக்கும் கருங்களி மண் எங்காவது இருந்தால் அதை வெட்டி எடுத்து கிரவல் நிரப்பியபின்தான் மற்ற வேலை.

காபட் போடும் துண்டில் ஒப்பந்தகாரரோடு வாக்குவாதப்படத் தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கிறது. இறுகிய காபட் கன மீற்றருக்கு ஏறக்குறைய 2.35 தொன். 10 தொன் கலவை 3 மீற்றர் அகலத்தில், 50 மில்லிமீற்றர் தடிப்பில், 28 மீற்றர் தூரம்தான் வரும். லொறியின் நிறைத்துண்டைப் பார்த்து, அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நாடாப் பிடித்து அளவுங்கள். 40 மீற்றர் போயிருந்தால் தடிப்பு 35 மில்லிமீற்றர்தான். இறுக்குமுன் தடிப்பு 62 மில்லிமீற்றர் அளவில் நிற்கவேண்டும்; ஒரு கம்பியைச் செருகினால் தெரியும்.

கலவை வந்ததும் வெப்பமானியைக் குவியலுக்குள் செருகச் சொல்லுங்கள். 130 பாகைக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பலாம். நீலப்புகை கிளம்பினால் அளவு மீறிச் சூடாகித் தார் கருகியிருக்கிறது. குவியல் கூம்பாக நிற்காமல் பளபளத்துத் தட்டையாகப் படிந்தால் தார் கூட. மங்கலாக, கல் பூசாமல் கிடந்தால் தார் குறைவு. விரிக்கும் தளம் உலர்ந்திருக்க வேண்டும்.

வீதியின் நடு ஓரத்தைவிட ஒன்றரை இஞ்சி உயரட்டும், இருபுறமும் அரை மீற்றருக்குக் குறையாத கிரவல் தோள் இருக்கட்டும். உழவு இயந்திரம் விலகும்போது தோள் இல்லாத விளிம்புதான் முதலில் உடையும். வயலுக்குப் போகும் இரும்புச் சில்லைக் கழற்றாமல் வீதியில் ஏற்றினால் எந்தக் கலவையும் தாங்காது. இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எடுங்கள்.

காலபோக நெல் ஏற்றி முடிந்தபின் வேலையைத் தொடங்கி செப்டெம்பருக்குள் முடிக்கக் கேளுங்கள். ஒக்டோபரில் இழுபட்டால் ஏபிசியோடு நிறுத்தி, பிறைம் கோட் அடித்து, மேல்வேலையை மாரி கழிய வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஆண்டுதோறும் செப்டெம்பரில் வீதியை நடந்து பார்த்து, வெடிப்புகளுக்குத் தார் ஊற்றி, தோளில் வளர்ந்த புல்லைச் செதுக்கி, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள்.