கரையேறவிட்ட ஊர்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். எனக்கு ஆறு வயதில் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் குடிவந்தோம். இன்றைக்கும் தெருவில் 'தூத்துக்குடிக்காரங்க வீடு'தான். சின்ன வயதிலிருந்தே என் காரியத்தை நானே பார்த்துப் பழகிவிட்டேன். யாரிடமும் உதவி கேட்க வாய் வராது. இப்போது சென்னையில் மேன்ஷன் வாசம். போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன், எதிர் அறைக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இது தைரியமா, குறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த மூன்று நாளைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. இனிமேல் காய்ச்சல் என்றால் முதலில் எதிர் அறைக் கதவைத் தட்டு. மற்றதை அப்புறம் பேசலாம்.

நானும் வந்தவன்தான். 1998இல், ஒன்பது வயதில், திருநெல்வேலியிலிருந்து கடலூர் ஓ.டி.க்கு (ஓல்டு டவுன்) வந்தோம். வகுப்பில் ஒருநாள் கைலியைச் 'சாரம்' என்று சொல்லிவிட்டேன். இங்கே சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டுவது. அன்றைய சிரிப்போடு என் பேச்சு குறைந்தது. எதுவானாலும் நானே செய்ய ஆரம்பித்தேன். சைக்கிள் பஞ்சரைக்கூட நானே ஒட்டுவேன்: டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்து. அதில் அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தவர் கடைத்தெரு சைக்கிள் கடைக்காரர். தினமும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த பையன் கையில் டியூபைக் கொடுத்து 'நீயே ஒட்டு' என்றார். வெகுநாள் அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரைசேர்ந்த இடம் என்பார்கள். 'கரையேறிய' குப்பம் இல்லை, 'கரையேறவிட்ட' குப்பம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த 'விட்ட' எனக்குக் கண்ணில் படும்.

உன் காரியத்தை நீ பார்த்துக்கொள்வது குறையே இல்லை, அதை விட்டுவிடாதே. கேட்க வாய் வராததுதான் எனக்குக் கவலை.

என் அம்மாவும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30, தானே புயல். கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர் வீட்டில் அடிபம்பு இருந்தது. இரண்டு நாள் பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் ஓட்டிய அம்மா, மூன்றாம் நாள் குடத்தோடு அந்த வாசலில் போய் நின்றாள். 13 வருடத்தில் முதல் தடவை. அந்த வீட்டு ஆயா குடத்தை வாங்கித் தானே தண்ணீர் அடித்துக்கொண்டே, "இதக் கேக்க உனக்கு இத்தினி வருசமாச்சா?" என்றார். அம்மா அழுதுவிட்டாள். புயலில் சரிந்த அவர்கள் வீட்டு ஓடுகளை மாற்ற மறுநாள் நான் கூரை ஏறினேன்.

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? எழுது.