வாரம் ஒரு நீண்ட ஆட்டம்

அன்புள்ள ஐயா,

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் நடக்கும் 4545 அணி லீக்கில் சேர்ந்திருக்கிறேன். ரேட்டிங் 1600 சொச்சம். வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) வீடியோ பார்க்கிறேன், பிறகு தூக்கம் வரும்வரை பிளிட்ஸ், அதாவது சில நிமிடத்தில் முடியும் அதிவேக ஆட்டம். முதல் மூன்று சுற்றிலும் தோற்றேன். மூன்றிலும் கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அணியினர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது. பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் லீக்கில் ஒருவருக்கு 45 நிமிடம், அதோடு நகர்த்தலுக்கு 45 வினாடி கூடுதல். நாற்பது நகர்த்தல் ஆடினால் ஒருவருக்கு 75 நிமிடம் வருகிறது. அவ்வளவு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பிளிட்ஸ் வேகத்தில் ஆடியிருக்கிறீர்கள். இரவெல்லாம் கைக்குப் பழக்கியது அதுதானே! லீக் முடியும்வரை பிளிட்ஸை நிறுத்துங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், லீக் ஆட்டத்தையே பயிற்சியின் நடுவில் வையுங்கள். சனிக்கிழமை ஆடினால் ஞாயிறு காலை அதை அலசுங்கள். எஞ்சினை (சிறந்த நகர்த்தலைக் கணக்கிடும் செஸ் மென்பொருள்) திறக்காமல், பலகையில் காய்களை அடுக்கி, எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள், எதைப் பார்த்துப் பயந்தீர்கள், எதிராளியின் எந்த நகர்த்தல் கண்ணிலேயே படவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். இதற்கு ஒன்றரை மணி நேரம் போனாலும் போகட்டும். பிறகு எஞ்சினைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் அது சரியான விடையைக் காட்டிவிடும், உங்கள் தவறு எங்கிருந்து முளைத்தது என்பது மறைந்துபோகும். குகேஷுக்குப் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சினைத் தள்ளியே வைத்திருந்தார். அந்தப் பையன் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனான்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரத்தை லிசெஸே வரைபடமாகக் காட்டும். சிக்கலான நிலையில் பத்து வினாடிக்குள் ஆடியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று தோல்விகளுக்கும் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

வார நாட்களில் தினம் அரை மணி நேரம் புதிர்கள். ஐந்தாறு போதும், ஆனால் எதிராளியின் பதில்வரை மனதில் கணக்கிட்டு முடித்த பிறகே காயைத் தொட வேண்டும். ஊகித்துத் தட்டிப் பார்ப்பது பயிற்சியே இல்லை.

ஒரு மாலையை எண்ட்கேமுக்கு, அதாவது சில காய்களே மிஞ்சும் இறுதிக் கட்டத்துக்கு, ஒதுக்குங்கள். ராஜாக்களோடு ரூக்கும் (யானை) சிப்பாயும் மட்டும் மிஞ்சும் ரூக் எண்டிங்கில், ஃபிலிடோர் தற்காப்பு என்ற டிரா செய்யும் முறை தெரியாமல், டிரா ஆக வேண்டிய ஆட்டத்தை நான் ஒருமுறை தோற்றேன். அணிக்கு அரைப் புள்ளி போனது, இன்றும் உறுத்துகிறது. விஷயம் எளிதுதான். வரிசைகளை எதிராளியின் பக்கமிருந்து எண்ணுங்கள். அவருடைய சிப்பாய் ஐந்தாம் வரிசையில் நிற்கும்போது, உங்கள் ராஜா அது ராணியாகப் போகும் கட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரூக் ஆறாம் வரிசையைக் காத்து எதிரி ராஜாவை முன்னேற விடக் கூடாது. சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வந்ததும் ரூக்கைப் பலகையின் மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வையுங்கள். இனி அந்த ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

ஓப்பனிங்? வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில், வெள்ளை முதலில் ராஜாவின் சிப்பாயை (e4) நகர்த்தினால் ஒன்று, ராணியின் சிப்பாயை (d4) நகர்த்தினால் ஒன்று. போதும். எதிராளி யார் என்று முன்பே தெரிந்துவிடுவதால், வெள்ளி இரவு அவருடைய சமீபத்திய ஆட்டங்களில் பத்தைப் புரட்டி என்ன ஆடுகிறார் என்று மட்டும் பாருங்கள். அரை மணிக்கு மேல் வேண்டாம், தூங்கப் போங்கள்.

அணியினரிடம் கூச்சம் வேண்டாம். தோற்ற ஆட்டத்தை அவர்களுக்கே அனுப்பிக் கருத்துக் கேளுங்கள், அணி லீக்கில் சேர்வதன் பெரிய பயனே அதுதான். நான்காம் சுற்று முடிந்ததும், எஞ்சினைத் திறக்கும் முன் எழுதிய குறிப்பை எனக்கும் அனுப்புங்கள். சேர்ந்து பார்க்கலாம்.