பாஸ்வேர்ட் மாத்துனதுலேர்ந்து லேப்ல நுழையவே முடியல!

கேள்வி: அண்ணே, யூனிவர்சிட்டில முதல் வருஷம். போன வாரம் பாஸ்வேர்ட் மாத்துனேன், அப்பலேர்ந்து லேப்ல லாகின் பண்ணா அக்கவுண்ட் லாக்னு வருது. ஹெல்ப்டெஸ்க்ல திறந்து விட்டாங்க, கொஞ்ச நேரத்துல மறுபடி பூட்டிக்குது. நான் தப்பா டைப் பண்ணவே இல்லண்ணே!
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தங்கச்சி, உங்க போனை எடுத்துப் பாருங்க, அனேகமா அதுதான் காரணம். கேம்பஸ் வைஃபை எடுரோமுக்கும் லேப் கம்ப்யூட்டருக்கும் பெரும்பாலும் ஒரே அக்கவுண்ட்தான், போன் இன்னும் பழைய பாஸ்வேர்டையே வச்சுக்கிட்டு பைக்குள்ள இருந்தபடியே திரும்பத் திரும்ப ட்ரை பண்ணும், சர்வருக்கு அது போனா நீங்களான்னு தெரியாது, யாரோ உடைக்கப் பாக்குறாங்கன்னு நெனச்சு பூட்டிடும். அதனால போன், டேப்லெட், லேப்டாப் எல்லாத்துலயும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு அப்புறமா ஹெல்ப்டெஸ்க் போங்க, இந்த வரிசை முக்கியம். திறந்ததும் சேவ் ஆன எடுரோமை அழிச்சிட்டு புது பாஸ்வேர்டைப் போடுங்க. மெயில் ஆப்லயும் பழைய பாஸ்வேர்ட் இருக்கும், அதையும் மாத்த மறந்துடாதீங்க.

கேக்காத ஒண்ணையும் சொல்றேன். கிளம்பறப்ப நிறைய பேர் மானிட்டரை மட்டும் அணைச்சிட்டு எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க ஓடுறாங்க. ஒருநாள் லேப்ல நான் ஸ்க்ரீனை ஆன் பண்ணா, முன்னாடி உட்கார்ந்திருந்த பிள்ளையோட மெயில் அப்படியே திறந்து கிடக்கு, பாதி எழுதுன லெட்டரோட. மனசு பதறிடுச்சு. சைன் அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்திரிக்கணும். அசைன்மென்ட்டை டெஸ்க்டாப்ல விட்டுடாதீங்க, பல லேப்ல ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் அழிஞ்சிடும், ஆன்லைன்ல ஃபைல் சேமிச்சு வைக்கிற ஒன்டிரைவ்ல போட்டு வைங்கம்மா.