கேம் மானிட்டர்: பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும்

வாசகர் கேள்வி – பதில்

அதிவேக மானிட்டர்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கோளாறு என் கண்ணிலா, மானிட்டரிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. புதிய மானிட்டரை இணைத்த பிறகும் பல கணினிகளில் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே, அதாவது திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் நிலையிலேயே, நின்றுவிடுகிறது. நாமாகப் போய் மாற்றும் வரை அது மாறுவதில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற வரிசையில் உள்ளே சென்றால் ரெஃப்ரெஷ் ரேட் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் 144-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, மவுஸ் சுட்டியை வெறும் திரையில் வேகமாக வட்டமிட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் அம்புக்குறி விட்டுவிட்டு, இடையிடையே அகலமான வெளிகளோடு தெரியும். 144-க்கு மாறியதும் அந்த அம்புகள் நெருங்கி வந்து வட்டம் அடர்த்தியாகிவிடும். இந்த வேறுபாட்டைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை.

பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லையென்றால் கேபிளைக் கவனிக்க வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு, 1080பி தெளிவில் (1920 x 1080 பிக்சல்) பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுசெல்லாது. மானிட்டரில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் ஆகிய இரண்டு வகை இணைப்பும் இருந்தால் டிஸ்பிளேபோர்ட்டைப் பயன்படுத்துங்கள். பல மானிட்டர்களில் முழு வேகம் அந்த வழியாக மட்டுமே கிடைக்கிறது. கேபிளின் மறுமுனை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் மேசைக்கடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது, அதற்கு மேலே மதர்போர்டில் உள்ள துளையில் கேபிளைச் செருகிவிட்டு, கார்டை வேலையில்லாமல் உட்கார வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டில் மட்டும் மாற்றம் இல்லையென்றால், அந்த விளையாட்டின் அமைப்புகளுக்குள் 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) என்ற வரம்போ, படங்களைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கோ இயக்கப்பட்டிருக்கலாம். எல்டன் ரிங் போன்ற சில கேம்கள் கணினியிலும் 60-க்கு மேல் செல்லாதபடியே உருவாக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எந்த மானிட்டராலும் ஒன்றும் செய்ய இயலாது. கடைசியாக, உங்கள் கணினி விநாடிக்கு எத்தனை ஃபிரேம்களை உருவாக்குகிறது என்று பாருங்கள். ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் காட்டக்கூடிய உச்ச அளவு மட்டுமே. கணினி 55 ஃபிரேம்கள் கொடுத்தால், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அந்த 55 படங்களைத்தான் காட்டும்.

கேள்வி: 144, 240, 360 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. மனிதக் கண்ணுக்கு 60-க்கு மேல் தெரியாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையில் எது போதும்?

நண்பர் சொல்வது தவறு. மவுஸ் சுட்டிச் சோதனையே அவருக்குப் பதில். ஆனால் அவர் பேச்சில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது: எண் ஏற ஏறக் கிடைக்கும் பயன் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஹெர்ட்ஸை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிட்டால் இது விளங்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது, 144-ல் 6.9, 240-ல் 4.2; 360-ல் 2.8. முதல் தாவலில் ஏறக்குறைய 10 மில்லிவிநாடி மிச்சமாகிறது. அடுத்ததில் 3-க்கும் குறைவு. அதற்கடுத்ததில் ஒன்றரைகூட இல்லை.

வேகமாக நகரும் பொருள் மங்கலாகத் தெரிவதற்கும் இந்த நேரமே காரணம். இரண்டு விநாடியில் 1920 பிக்சல் அகலத்தைக் கடக்கும் ஒரு பொருளை நம் கண் சீராகப் பின்தொடர்கிறது. திரையோ ஒவ்வொரு படத்தையும் அசையாமல் பிடித்து வைத்திருந்து, பிறகு அடுத்ததற்குத் தாவுகிறது. கண் நகர்ந்த அந்தத் தொலைவுதான் மங்கலாகப் படிகிறது. 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல், 120-ல் 8, 240-ல் 4. ஓடுகிற எதிரியின் தலைக்கு மேல் உள்ள பெயரைப் படிக்க முடிகிறதா இல்லையா என்பதை இந்த அளவே முடிவு செய்கிறது.

என் கருத்தில், பெரும்பாலானவர்களுக்கு 144 முதல் 180 வரை உள்ள மானிட்டரே சரியான இடம். கவுண்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளைத் தீவிரமாக ஆடுபவரிடம், 240-க்கு மேல் ஃபிரேம்களைத் தொடர்ந்து தரும் கணினியும் இருந்தால் 240 வாங்குவதில் பொருள் உண்டு. கதையோடு நிதானமாக நகரும் விளையாட்டுகளை ஆடுபவர், அந்தக் கூடுதல் தொகையை நல்ல திரைத் தெளிவுக்கோ நல்ல நிறத்துக்கோ செலவிடுவது மேல். பின்புறம் ஒளிரும் வண்ண விளக்குகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கப்போவது சுவர் மட்டுமே.

கேள்வி: எல்லா மானிட்டர் பெட்டிகளிலும் 1 மில்லிவிநாடி ரெஸ்பான்ஸ் டைம் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி ஆகிய திரை வகைகளில் எதை எடுப்பது?

அந்த 1 என்ற எண்ணை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்பதைப் பொறுத்து அது பெரிதும் வேறுபடும். நிறுவனங்கள் தமக்குச் சாதகமான ஒரு மாற்றத்தை, மிகக் கடுமையான ஓவர்டிரைவ் நிலையில் அளந்து அச்சிடுகின்றன. சில பெட்டிகளில் உள்ள 1 மில்லிவிநாடி, பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிடும் நிலையில் எடுக்கப்பட்ட வேறொரு அளவு.

ஓவர்டிரைவ் என்பது பிக்சலுக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து அதை விரைவாக நிறம் மாறச் செய்வது. குறைவாக வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னே நிழல்வால் நீளும். அளவுக்கு மீறினால் பிக்சல் இலக்கைத் தாண்டிச் சென்று திரும்பும். அப்போது பொருளின் பின்புறம் பளிச்சென்ற ஒரு விளிம்பு தொடரும். மானிட்டர் மெனுவில் இது பெரும்பாலும் மூன்று நான்கு படிகளாக இருக்கும். சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு கறுப்புப் பெட்டியை வேகமாக இழுத்துப் பார்த்து, நிழல்வாலும் இல்லாமல் வெள்ளை விளிம்பும் இல்லாமல் இருக்கும் படியைத் தேர்ந்தெடுங்கள். பல மானிட்டர்களில் நடுப்படியே பொருத்தமாக அமைகிறது. கடைசிப் படி, பெட்டியில் அச்சிடுவதற்காகவே வைக்கப்பட்டதோ என்று எனக்கு ஐயம் உண்டு.

பேனல் வகைகளில் ஐபிஎஸ் எதிலும் மோசமில்லாத நடுநிலையாளர்: நிறமும் பார்வைக் கோணமும் நன்று, வேகமும் போதும், ஆனால் இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆயினும் இருண்ட நிறங்களுக்கிடையே மாறுவதில் அது மந்தமானது என்பதால், இரவுக் காட்சிகளில் கேமராவைத் திருப்பும்போது மையைத் துடைத்தது போன்ற கறை பலவற்றில் இழுபடும். டிஎன் என்ற இன்னொரு வகை வேகமானது, ஆனால் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே நிறம் மாறும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பு. நிறமாற்றம் ஒரு மில்லிவிநாடிக்கும் வெகுவாகக் குறைவு. ஒரே ஹெர்ட்ஸில் ஓஎல்இடியையும் சாதாரண விஏ மானிட்டரையும் அருகருகே வைத்தால் ஓஎல்இடி ஒரு படி மேலான வேகத்தில் ஓடுவதுபோல் தோன்றும். அதன் குறை, அசையாமல் நிற்கும் உருவங்கள் நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும் என்பது. பகல் முழுவதும் அதே திரையில் அலுவலகக் கோப்புகளைத் திறந்து வைத்திருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரிகிறது. வி-சிங்க் போட்டால் கிழிசல் போய்விடுகிறது, ஆனால் மவுஸ் பாரமாகிவிடுகிறது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இதற்குத் தீர்வா?

ஆம். திரை மேலிருந்து கீழாக ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த படத்தை நீட்டிவிடுவதால், மேல்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் அமைவதே அந்தக் கிழிசல். வி-சிங்க் கார்டைக் காத்திருக்க வைக்கிறது. காத்திருப்பதால் உங்கள் கையசைவு திரைக்கு வரத் தாமதமாகிறது. 2013-ல் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா அறிவித்த ஜி-சிங்க் இந்த உறவைத் தலைகீழாக்கியது: கார்டுக்காக மானிட்டர் காத்திருக்கும். அடுத்த ஆண்டே, திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் இதை டிஸ்பிளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் அமைந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளில் அத்தகைய மானிட்டர்களை ஏற்றுக்கொண்டதால், ஃப்ரீசிங்க் மானிட்டரை என்விடியா கார்டோடு பயன்படுத்தலாமா என்ற பழைய கவலை இன்று பெரும்பாலும் தேவையற்றது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, இந்த வசதி எந்த எல்லைக்குள் இயங்குகிறது என்பதை. 48 முதல் 144 வரை என்று இருந்தால் நல்லது. விளையாட்டு 40 ஃபிரேமுக்கு இறங்கினாலும் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி, 80 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சமாளித்துவிடலாம். 48 முதல் 75 வரை என்ற குறுகிய எல்லையில் அந்த வழி அடைபட்டுவிடும். மானிட்டர் மெனுவிலும் கார்டின் கண்ட்ரோல் பேனலிலும் இந்த வசதியை இயக்கிவிட்டு, விளையாட்டின் ஃபிரேம் வரம்பை மானிட்டரின் உச்சத்துக்கு மூன்று நான்கு குறைவாக, அதாவது 144-க்கு 140 என்பதுபோல் வையுங்கள். உச்சத்தைத் தொட்டுவிட்டால் மீண்டும் கிழிசலோ தாமதமோ தலைகாட்டும். ஓஎல்இடி, விஏ திரைகள் சிலவற்றில், ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது இருண்ட காட்சிகள் மினுக்குவதுண்டு; அது பழுதன்று, அவ்வகைப் பேனலின் இயல்பு.

கேள்வி: என் கணினி இப்போது 1080பி தெளிவில் 70 எஃப்பிஎஸ் தருகிறது. 27 அங்குல 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்க நினைக்கிறேன். சரிவருமா?

இப்போதைக்கு உங்கள் திட்டம் முன்பின் மாறி இருக்கிறது. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி-யில் 36.9 லட்சம். கார்டின் சுமை அந்த அளவுக்குக் கூடும்போது, இன்றைய 70 என்பது 50-க்கு அருகில் இறங்கக்கூடும். 165 ஹெர்ட்ஸ் அங்கே பெயரளவுக்குத்தான். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்: விளையாட்டின் தெளிவை 720பி-க்குக் குறைத்து, ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். அது வெகுவாக ஏறினால் தடையாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு; படத்தரத்தைக் குறைத்தோ கார்டை மாற்றியோ வேகம் பெறலாம். 70-லேயே நின்றால், வரம்பு எதுவும் போடப்பட்டிராதபோது, தடை பெரும்பாலும் புராசசர்; புதிய கார்டு வாங்கினாலும் அந்த விளையாட்டில் வேகம் கூடாது.

1080பி-யிலேயே இருக்க முடிவு செய்தால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதே பிக்சல்களை 27 அங்குலத்தில் பரப்பினால் எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலத்துக்கு 1440பி மிகப் பொருத்தம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5-க்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கலாமா?

தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்புவதில்லை. அதிலும் 120-ல் ஓடும் விளையாட்டுகள் ஒரு பகுதியே. நீங்கள் பார்க்க வேண்டியது மானிட்டரின் எச்டிஎம்ஐ 2.1 துளையை. 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸும், பிளேஸ்டேஷன் 5-ன் மாறும் ரெஃப்ரெஷ் வசதியும் (விஆர்ஆர்) அதன் வழியாகத்தான் கிடைக்கும். 2.1 என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது, ஏனெனில் அந்தத் தரத்தின் பல அம்சங்கள் கட்டாயமல்ல. 4கே, 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் என்று தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று விவரப் பட்டியலில் தேடுங்கள்.

கேள்வி: அதிக ஹெர்ட்ஸ் திரை பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

ஹெர்ட்ஸ் கூடினால் நகரும் எழுத்தும் படமும் இதமாகத் தெரியும். அதைத் தாண்டி அது கண்ணுக்கு மருந்தன்று. கண்ணைச் சோர்வடையச் செய்பவை இருட்டறையில் முழு வெளிச்சத்தில் எரியும் திரை, இமைக்க மறந்து மணிக்கணக்கில் பார்ப்பது, முகத்துக்கு மிக அருகில் திரை இருப்பது ஆகியவையே. திரையின் ஒளியை அறையின் ஒளியோடு ஒத்துப்போகும்படி குறைத்து, ஒரு கை நீளத் தொலைவில் வையுங்கள். பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிடும் மங்கல்குறைப்பு வசதி சிலருக்குத் தலைவலி தருகிறது. பிள்ளைகள் அப்படிச் சொன்னால் அதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: விளையாடாத நேரத்தில் திரைப்படம் பார்க்கிறேன். 144 ஹெர்ட்ஸால் அதில் பயன் உண்டா?

சிறிது உண்டு. திரைப்படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 படங்கள். 60 என்பது 24-ஆல் மீதமின்றி வகுபடாததால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மூன்று சுற்றும் அடுத்தது இரண்டு சுற்றுமாக மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு சிறு தத்தல் தெரிவது அதனால்தான். 144-ல் ஒவ்வொரு படமும் சரியாக ஆறு சுற்றுகள் நிற்பதால் அந்தத் தத்தல் இல்லை. ஆனால் 60 ஃபிரேமில் எடுக்கப்பட்ட காணொளிகள் 144-ல் சமமாக வகுபடுவதில்லை. அவற்றை அதிகம் பார்ப்பவர் அந்நேரத்துக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். 120 என்பது 24, 60 ஆகிய இரண்டு எண்களாலும் வகுபடும்.