மாமா பேசி வைத்த சீட் வேண்டாம், அம்மா

"கழுத்தில் கிடப்பதை வைத்தால் அட்வான்ஸ் கட்டிவிடலாம், மீதிக்கு வீட்டுப் பத்திரம் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட் ஆஃப் 118. தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ - டேட்டா சயின்ஸ் சீட்டை அவளுடைய தாய்மாமா பேசி முடித்துவிட்டார். இந்த வாரமே பணம் கட்ட வேண்டும் என்கிறார்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதுவது எளிது. ஆனால் நாள் குறுகலாக இருக்கிறது. பத்திரத்தைப் பீரோவை விட்டு எடுக்காதீர்கள்.

நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்கவே கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றாலும், முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எல்லாம் இலவசம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, அந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தையல் மிஷின் மோட்டார் நின்றபோது, அவளே கழற்றித் தேய்ந்த கார்பனை மாற்றி ஓட வைத்தாள் என்று. மாமாவின் பேச்சை விட எனக்கு அந்த வரிதான் முக்கியம். மிஷினைப் பிரித்துப் பார்க்கத் துணிகிற பெண்ணிடம் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பக்கம் விருப்பமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அவள் இல்லை என்றால் நான் கீழே எழுதுவதை விட்டுவிடலாம்.

ஆம் என்றால், யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். படிப்பு இரண்டே ஆண்டு. தரமணியிலும் கோவையிலும் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். முடித்தவுடன் வேலைக்குப் போகலாம், அல்லது பி.இ.-யில் மறுபடியும் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். மொத்தம் ஐந்து வருஷம், மாமாவின் வழியை விட ஒரு வருஷம் கூட. இதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் இரண்டாம் வருஷ முடிவிலேயே கையில் ஒரு தகுதி இருக்கும், தலையில் கடன் இருக்காது.

பணத்துக்கு வருவோம். ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) நடத்தும் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேருகிறவர்களுக்கும் உண்டு, அவர்களுக்கு இரண்டு வருஷம் வரும். கட்டணம் போக மீதியில் லேப்டாப், புத்தகம், மல்டிமீட்டர் வாங்கலாம். மதிப்பெண் அடிப்படையில் தேர்வு என்பதால் கிடைத்தே தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரசு பாலிடெக்னிக் என்றால் அது கிடைக்காவிட்டாலும் குடும்பம் தாங்கும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பிறகுதான் விண்ணப்பம். கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளர் சரிபார்த்தால்தான் அது மேலே நகரும். பல பிள்ளைகள் 'சப்மிட்' அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். குறை சொல்லித் திரும்பி வந்த விண்ணப்பம் யாரும் பார்க்காமல் கிடந்து கெடு முடிந்துபோகிறது. வாரம் ஒருமுறை அவளே உள்ளே போய் நிலையைப் பார்க்கட்டும்.

இன்னொரு இடைஞ்சல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'ஆர்' என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும். விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள்.

வங்கிக் கணக்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதாது. அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி என்பிசிஐ-யில் (வங்கிகளுக்கு இடையே பணம் கைமாற்றும் தேசிய அமைப்பு) இணைந்திருக்க வேண்டும். வங்கியில் "ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா" என்று இந்தச் சொல்லாலேயே கேளுங்கள். முழு கேஒய்சி இல்லாமல் திறந்த சிறு கணக்கில் பொதுவாக 50,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. அரசு உதவிப் பணத்துக்கு அந்த வரம்பில் விலக்கு உண்டு என்றாலும், அந்தச் சிக்கலே வேண்டாம். அவள் பெயரில் முழுச் சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள். பணம் கல்லூரி திறந்து பல மாதம் கழித்துத்தான் வரும், எனவே முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறக்கக் கூடாது.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இருக்கிறது. 2022-ல் அரசுப் பள்ளிப் பெண்களுக்காகத் தொடங்கியது, 2024 டிசம்பரிலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருந்தால் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். பள்ளியில் அவளுக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை (மாணவர் பதிவு எண்) கையில் வைத்திருங்கள். புதுமைப் பெண்ணை மற்ற உதவிகளோடு சேர்த்து வாங்கலாம். ஆனால் பிரகதியின் விதி வேறு அரசு உதவித்தொகை கூடாது என்கிறது. மறைக்காமல் எழுதிக் கேட்டு, கல்லூரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒன்றுதான் என்றால் ஆண்டுக்கு 12,000-ஐ விட்டு 50,000-ஐப் பிடியுங்கள்.

காது சரியாகக் கேட்காத இளையவள் பத்தாவது படிக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒத்துவரும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு சக்‌ஷம் என்று தனி உதவித்தொகை உண்டு, அதுவும் ஆண்டுக்கு 50,000. பிரகதி போல இத்தனை பேருக்குத்தான் என்ற எண்ணிக்கை அதில் இல்லை, தகுதி இருந்தால் கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இந்த வருஷமே எடுத்துவிடுங்கள். அக்காவின் சீட்டுக்கு வீட்டை அடகு வைத்துவிட்டால், இவளுக்குக் கேட்கும் கருவி மாற்ற வேண்டி வரும்போது என்ன செய்வீர்கள்?

பெரியவளுக்குப் படிப்பில் எங்கே கஷ்டம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டைத் தாண்டிப் போவதால் என்ஜினீயரிங் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் அவளுக்குப் புதிது. சேருவதற்கு முன் முதல் ஆண்டு டிராயிங் புத்தகத்தை இரவல் வாங்கித் தினமும் ஒரு படம் போடட்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஈயத்தை நேரடியாக அயர்ன் முனையில் உருக்காமல் முதலில் இணைப்பைச் சூடாக்கிவிட்டு ஈயத்தைத் தொட வேண்டும். பற்றவைத்தது பளபளப்பில்லாமல் உருண்டு நின்றால் சூடு போதவில்லை, மறுபடி செய்ய வேண்டும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், பி.இ. போகும்போது அதுதான் கைகொடுக்கும்.

மாமாவிடம் நீங்கள் பேசத் தயங்கினால், அட்வான்ஸுக்கு ரசீதும் நான்கு வருஷக் கட்டணத்தை ஒரே தாளில் கல்லூரி முத்திரையோடும் வாங்கித் தரச் சொல்லுங்கள். தாள் வரும்வரை ஒரு ரூபாயும் நகரக் கூடாது. அதற்குள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில் நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தை அவளே போட்டு முடிக்கட்டும்.